ஒன்றரைச் சுற்று, இரண்டரைச் சுற்று

என் அண்ணன் ஒரு பொய்யன் என்று தெரிந்தவர்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அவனும் என்னைப் பற்றி அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தான். தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். அதற்கு இந்தப் பக்கம் என் கண்ணாடிக் கடை, அந்தப் பக்கம் அவனுடைய வெல்டிங் பட்டறை. ஷெட்டுக்குள் அப்பாவின் பழைய பிக்கப் வண்டி. காலையில் அவன் அதில் இரும்பு கேட்டுகளை ஏற்றிக்கொண்டு போவான். மதியத்துக்கு மேல் நான் ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு போவேன். சாவியைக்கூடக் கையில் கொடுத்துக்கொள்ள மாட்டோம், ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுவோம். அப்பா செத்ததிலிருந்து ஒன்றரை வருடமாக எங்களுக்குள் ஒரு வார்த்தை கிடையாது. பேசியே தீர வேண்டியதெல்லாம் அண்ணி வழியாகப் போகும், அண்ணி வழியாக வரும்.

அண்ணனை அவன் என்றும் அண்ணியை அவர் என்றும் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். மரியாதை அவரவர் நடந்துகொள்வதைப் பொறுத்தது.

சண்டை அந்த வண்டியால் வந்ததுதான். "எனக்கப்புறம் வண்டி உனக்குத்தான் பாப்பா" என்று அப்பா என்னிடம் வாய் நிறையச் சொல்லியிருந்தார். என் கடை வாசலில், அந்தப் பச்சை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். அவர் போன மறு வாரம் நான் அதை எடுத்தபோது அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அப்பா வண்டிய எனக்குல்ல குடுத்தார்? என்கிட்டதான் சொன்னார்" என்று கூசாமல் சொன்னான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப்போன மனிதர் எழுந்து வந்து சாட்சி சொல்லவா போகிறார் என்ற தைரியம்தானே? வண்டி இன்னும் அப்பா பேரிலேயே இருக்கிறது. விற்பதென்றால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் ஆளுக்குப் பாதி நாள் என்று அண்ணிதான் ஒரு ஏற்பாடு செய்து வைத்தார்.

அந்த ஏற்பாட்டில் அண்ணன் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டான். அந்த ஓட்டை கார்புரேட்டரில் இருந்தது.

வண்டி ஓடும்போது ஒன்றும் தெரியாது. சிக்னலில் நிற்கும்போதுதான் அதன் குணம் தெரியும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் இன்ஜின் அணைந்துவிடாமல் மெதுவாக, சீராக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பெயர் ஐடிலிங். அதைச் சரிசெய்ய கார்புரேட்டரில் இரண்டு திருகுகள் உண்டு. ஒன்று வேகத்துக்கு. மற்றது மிக்சர் ஸ்க்ரூ. காற்றோடு பெட்ரோல் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்ளும். அதை மெல்லக் கடைசி வரை மூடி, அங்கிருந்து எத்தனை சுற்றுத் திறக்கிறோம் என்பதுதான் கணக்கு. கூடினால் கறுப்புப் புகை, குறைந்தால் இருமல்.

எனக்கு அப்பா சொன்னது இரண்டரைச் சுற்று. "உன் கண்ணாடி குலுங்காது பாப்பா, ரெண்டரை வச்சுக்க" என்றார். அவர் இருந்த வரைக்கும் குலுங்கியதும் இல்லை. ஆனால் அண்ணன் ஒன்றரை என்பான். பெட்ரோல் மிச்சமாம். அதையும் அப்பாதான் சொன்னாராம். காலையில் அவன் ஒன்றரைக்கு இறக்குவான், மதியம் நான் இரண்டரைக்கு ஏற்றுவேன். நான் ஏற்றினாலும் வண்டி குலுங்கிக்கொண்டுதான் நின்றது. ஏதோ செய்து வைக்கிறான் என்று எனக்குத் தெரியும். என்ன என்றுதான் தெரியவில்லை. பிரேக் வேறு கொஞ்ச நாளாகக் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. அதுவும் அவன் கைங்கரியம்தான் என்று முடிவு கட்டியிருந்தேன். கேட் போல்ட்டை முறுக்குகிற கை அது. எதைத் தொட்டாலும் கழுத்தை நெரிக்கிற மாதிரித்தான் முறுக்கும்.

போன வாரம் ஒரு அழகு நிலையத்துக்கு ஆளுயரக் கண்ணாடி ஒன்று கொண்டுபோனேன். ஓரமெல்லாம் நானே இழைத்து மழுக்கியது. சிக்னலில் வண்டி உதறியது. இரண்டு தரம் பெருமூச்சு விட்டுவிட்டு அணைந்தது. பின்னால் ஹாரன். திரும்ப ஸ்டார்ட் செய்து கிளட்சை விட்டதும் ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது பாருங்கள், பின்னால் சத்தம் கேட்டது. கண்ணாடி உடையும் சத்தத்தை நான் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அது மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு ஓடியிருக்கிறது என்பதைக்கூடக் காதால் சொல்லிவிடுவேன்.

அன்றைக்கு அவன் பட்டறை வாசலில் நின்று கத்தினேன். தெருவே பார்த்தது. அவன் வெல்டிங் முகமூடியைக்கூடக் கழற்றவில்லை. முகமூடிக்குள்ளிருந்தே அண்ணியிடம் சொன்னான்: "வண்டிய வித்துடலாம்னு சொல்லு. கோழிக்கடைக்காரர் கேட்டுக்கிட்டே இருக்கார். சனியன் ஒழியட்டும்."

"உங்க அண்ணன் வண்டிய..."

"காது கேக்குது அண்ணி. விக்க விட மாட்டேன்னு சொல்லுங்க. வண்டி போனா நான் கண்ணாடிய தலையில வச்சா தூக்கிட்டுப் போவேன்? வாடகை வண்டிக்காரன் எவன் கண்ணாடி ஏத்துறான்? கடைய மூடிட்டு உங்க பட்டறையில வந்து உக்காரட்டுமான்னு கேளுங்க."

அண்ணிக்கும் பொறுமைக்கு ஒரு எல்லை உண்டு. இரண்டு பேரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில் ஒரு பேச்சு முடிவானது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோழிக்கடைக்காரர் வரும்போது வண்டியை ஐடிலிங்கில் விட வேண்டும். பானெட் மேல் ஒரு டம்ளர் டீயை விளிம்பு வரைக்கும் ஊற்றி வைக்க வேண்டும். டீ சிந்தாமல், இன்ஜின் அணையாமல் நின்றால் வண்டி விற்பனைக்கு இல்லை. சிந்தினால் நான் மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட வேண்டும். டீ யோசனை அண்ணனுடையது. குதர்க்கம் பிடித்தவன். ஆனால் நானும் சரி என்றுவிட்டேன். கோபத்தில் எதற்குத்தான் சரி என்று சொல்லமாட்டோம்?

அன்றைக்கே மிக்சர் ஸ்க்ரூவை இரண்டரையில் வைத்து, அதன் தலையிலும் பக்கத்து உலோகத்திலும் சேர்ந்தாற்போல் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டேன். அவன் தொட்டால் கோடு விலகும். விலகினால் அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டுவேன். அப்புறம் எவன் பொய்யன் என்று தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டுக்குள் போனபோது அவன் ஏற்கெனவே அங்கே இருந்தான். தன் பட்டறைப் பக்கத்து வாசலில் ஒரு இரும்புப் பெட்டி மேல் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். அண்ணி நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டீ ஃபிளாஸ்க், டம்ளர். சுவரில் ஆணியில் அப்பாவின் காக்கிச் சட்டை அப்படியே தொங்கியது. அதை எடுக்க அவனும் துணியவில்லை, நானும் துணியவில்லை.

பானெட்டைத் தூக்கினேன். ஏர் ஃபில்டர் மூடியின் இறக்கை நட்டைக் கழற்றி, அந்த வட்டத் தட்டை எடுத்துக் கீழே வைத்தேன். திருப்புளியால் தூசியைச் சுரண்டிவிட்டு ஸ்க்ரூவைப் பார்த்தேன்.

சிவப்புக் கோடு நேராக இருந்தது. ஒரு மயிரிழைகூட விலகவில்லை.

இதைப் பார்த்ததும் நியாயமான மனுஷியாக இருந்தால் யோசித்திருப்பாள். நான் யோசிக்கவில்லை. கோட்டைப் பார்த்து வைத்துக்கொண்டு, திருகி ஓட்டிவிட்டு, அப்புறம் திரும்பக் கோட்டுக்கே கொண்டுவந்து வைத்திருக்கிறான், திருட்டுப் பயல் என்று நினைத்தேன்.

"அண்ணி, நெயில் பாலிஷ் போட்டும் ஒரு ஆள் சாமர்த்தியமா வேலைய முடிச்சிருக்கார்னு சொல்லுங்க."

"ஏங்க, நெயில் பாலிஷ்..."

"அவ விரலுக்குப் போட வேண்டியத எங்க போட்டிருக்கான்னு பார்" என்றான் அண்ணன். "கார்புரேட்டருக்கு மருதாணியும் வச்சு விடச் சொல்லு."

ஸ்டார்ட் செய்து சூடு ஏறட்டும் என்று விட்டேன். குளிர்ந்த இன்ஜினில் ட்யூனிங் பார்ப்பது காய்ச்சல்காரனுக்குச் சட்டை அளவு எடுப்பது மாதிரி என்று அப்பா சொல்வார். என்ன பொருத்தமோ, அவருக்குத்தான் வெளிச்சம். சூடு முள் பாதிக்கு வந்ததும் காலை எடுத்தேன். வண்டி நடுங்கியது. பானெட் கம்பி கிணுகிணுத்தது. மிக்சரை மெல்ல மூடினேன்; இருமியது. திறந்தேன், புகை வந்தது. இரண்டரை. நடுக்கம். மூன்று. நடுக்கத்தோடு நாற்றம். வேகத் திருகைக் கொஞ்சம் ஏற்றினேன். கத்தியதே தவிர அடங்கவில்லை.

"ஒன்றரைல வைக்கச் சொல்லு" என்றான்.

"ஒன்றரைல வைக்கணுமாம்மா."

"ரெண்டரைன்னு அப்பா சொன்னார்னு சொல்லுங்க."

"ஏங்க, அப்பா ரெண்டரைன்னு..."

"அப்பா ஒன்றரைன்னு என்கிட்ட சொன்னார். இந்தக் காதால கேட்டேன். அப்பா பேரச் சொல்லி இன்னும் எத்தன பொய் வச்சிருக்கான்னு கேளு."

அண்ணி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "அவர் என்ன சொன்னாரோ, எனக்குத் தெரியாது. எனக்கு அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். காப்பியில சக்கர குறைச்சல்னு."

வாடகை சவாரி ஓட்டிய மனிதர் எங்கள் அப்பா. யாருடைய சாமானாக இருந்தாலும் ஏற்றுவார், யாரிடமும் முடியாது என்று சொல்லமாட்டார். "ஆகட்டும், பாத்துக்கலாம்" என்பதுதான் அவர் வாயில் வரும். எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவரைப் போய் இந்த மனுஷன் பொய்க்குச் சாட்சியாக நிறுத்துகிறானே என்று நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இன்ஜின் ஒரு பக்கம் நடுங்க, நான் ஒரு பக்கம் நடுங்க, திருப்புளி நுனி ஸ்க்ரூ தலையில் நிற்கவே இல்லை.

வாசலில் பைக் சத்தம் கேட்டது. கோழிக்கடைக்காரர் வந்துவிட்டார். நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். "என்னக்கா, வண்டிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அந்த நேரத்தில் சிரித்துக்கொண்டு வந்த எவரையும் என்னால் சகிக்க முடியாது.

"கொஞ்சம் இருங்க" என்றேன்.

"எனக்கொண்ணும் அவசரமில்லக்கா. ஓடுறப்ப நல்லாத்தான ஓடுது? நின்னா என்ன, அணைஞ்சா என்ன, கோழிக்குத் தெரியவா போகுது?"

அண்ணன் சத்தமாகச் சிரித்தான். என்னை எரிச்சலூட்டுவதற்கென்றே சிரித்த சிரிப்பு அது. நான் கடைக்குள் போனேன். முகம் கழுவலாம் என்றுதான் போனேன். மேஜை மேல் கண்ணாடி துடைக்கிற தண்ணீர் ஸ்பிரேயர் இருந்தது. அதை எடுத்து முகத்தில் அடித்துக்கொண்டேன். அப்படியே கையில் பிடித்தபடி திரும்ப வந்து பானெட்டுக்குள் தலையை விட்டேன். அப்போதுதான் ஒரு சத்தம் கேட்டது. இன்ஜின் சத்தத்துக்கு அடியில், பல் இடுக்கில் காற்றை உறிஞ்சுகிற மாதிரி ஸ்ஸ் என்று.

கண்ணாடிக்காரிக்குக் காதுதான் மூலதனம். எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். ஓட்டை இருந்தால் தண்ணீர் ஒரு நொடி அடைக்குமே என்று கார்புரேட்டரின் அடிப்பாகத்தைச் சுற்றி அடித்துப் பார்த்தேன். மாற்றமில்லை. அதற்குக் கீழே இன்ஜினிலிருந்து பிரேக்குக்குப் போகும் தடித்த ரப்பர் குழாய் ஒன்று உண்டு. இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற வேகத்தைக் கொண்டுபோய்ப் பிரேக்கை இலகுவாக்குகிற குழாய். அதன் நடுவில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. எப்போதும் பார்த்ததுதான், கம்பி உரசாமல் இருக்கச் சுற்றியது என்று நினைத்திருந்தேன். அதன் மேல் தண்ணீர் அடித்தேன்.

நடுக்கம் நின்றது. சட்டென்று, ஒரு மூச்சு நேரம், வண்டி அப்பா காலத்து வண்டியாக ஓடியது. தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டதும் மறுபடி உதறத் தொடங்கியது.

திரும்ப அடித்தேன். திரும்ப நின்றது. அண்ணன் இரும்புப் பெட்டியிலிருந்து எழுந்த சத்தம் கேட்டது.

இன்ஜினை அணைத்தேன். கடைக் கத்தியால் டேப்பைக் கீறினேன். ஒரு சுற்று டேப். அதற்கடியில் இன்னொரு டேப், பழசு. அதற்கடியில் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிய பட்டை. அதன் மேல் மெல்லிய கம்பியால் இறுக்கிப் போட்ட கட்டு. கம்பி முனையை இரண்டு தரம் மடித்து உள்ளே செருகியிருந்தது. அப்படிச் செருகுகிறவர் ஒருவர்தான். டியூப் பட்டை காய்ந்து வெடித்துப்போயிருந்தது. அதைப் பிரித்ததும் குழாய் என் கையிலேயே வாயைப் பிளந்தது. விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல்.

காற்று இந்தப் பக்கமாகத் திருட்டுத்தனமாக உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஸ்க்ரூவை ஒன்றரை என்ன, நூறு சுற்றுச் சுற்றியிருந்தாலும் வண்டி நின்றிருக்காது. அண்ணன் ஒன்றும் செய்யவில்லை. நானும் ஒன்றும் செய்யவில்லை. பிரேக் கல்லாக இறுகியதும் இதனால்தான்.

அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று குழாயைப் பார்த்தான்.

"இத மாத்தலையா?" என்றான். அண்ணியைப் பார்த்துத்தான் கேட்டான். ஆனால் குரல் என்னிடம் வந்தது. "இந்த ஹோஸ மாத்தியாச்சுன்னுல்ல சொன்னார்? அவ புதுசு வாங்கிப் போட்டுட்டான்னு சொன்னார்."

"யார் சொன்னது?"

வாய் தவறி நேராகவே கேட்டுவிட்டேன்.

"அப்பா."

"என்கிட்ட நீ வாங்கிப் போட்டேன்னு சொன்னார்" என்றேன். "பிரேக் ஹோஸ் பழசாயிருக்கே, மாத்தணும்ப்பான்னு கேட்டேன். அண்ணன் நேத்தே மாத்திட்டான் பாப்பா, அவன் இதுலல்லாம் கவனமா இருப்பான்னு சொன்னார்."

அவன் குழாயை என் கையிலிருந்து வாங்கிக் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தான். "தங்கச்சி உன்ன மாதிரி இல்லடா, சொன்ன உடனே வாங்கிப் போட்டுட்டான்னு என்னத் திட்டக்கூடச் செஞ்சார்" என்றான்.

கோழிக்கடைக்காரர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அண்ணி கையைக் காட்டி அடக்கினார்.

இரண்டு பிள்ளைகளிடமும் நல்ல பெயர். இரண்டு பிள்ளைகளைப் பற்றியும் நல்ல வார்த்தை. குழாயை மட்டும் மாற்றவில்லை. டேப்பைச் சுற்றிச் சுற்றி, காய்ந்தபோதெல்லாம் மறுபடி சுற்றி, எங்களை அதில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். சிக்னலில், இறக்கத்தில், பின்னால் கண்ணாடியோடும் இரும்போடும். "பிரேக்கு!" என்றேன். எனக்குக் குரல் கிழிந்தது. "பிரேக்குக்குப் போற ஹோஸ்! இதுல டேப்பச் சுத்தி வச்சிட்டு அந்த மனுஷன் பச்ச ஸ்டூல்ல உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருந்திருக்கார்!"

அண்ணன் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"வண்டி உனக்குன்னு எப்பச் சொன்னார்? எப்படிச் சொன்னார்?"

"எத்தன தரம் சொல்றது? எனக்கப்புறம் உனக்குத்தான் பாப்பான்னு சொன்னார்."

"அப்புறம் ஏதாவது சொன்னாரா?"

அதற்கப்புறம் சொன்னதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணியிடம்கூட. என் வீட்டுக்காரரிடம்கூட. அது அண்ணனைக் குறைத்துச் சொல்கிற மாதிரி இருந்ததால் எனக்குள்ளேயே வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்.

"தங்கச்சிகிட்ட இப்ப சொல்லாத. மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. நேரம் பாத்து நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

பம்பரைப் பிடித்துக்கொண்டேன். என்னிடம் அப்பா சொன்னதும் அதேதான்: அண்ணன்கிட்ட இப்ப சொல்லாத, மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான், நேரம் பாத்து நானே பக்குவமா சொல்லிக்கிறேன். ஒரு எழுத்து பிசகவில்லை. இதை எவனாலும் கற்பனை செய்து சொல்ல முடியாது. அப்பா நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், பார்த்துக்கொண்டே செத்தும் போனார்.

என் முகத்தைப் பார்த்தே அவனுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த குழாயைச் சுவரில் விட்டெறிந்தான்.

"எத்தன பேர்கிட்ட சொன்னேன் தெரியுமா?" என்றான். "உன்னப் பொய்க்காரின்னு, அப்பன் பேர்ல பொய் சொல்றவன்னு. மாமா வீட்ல, கடத்தெருவுல, எல்லார்கிட்டயும்."

"நானும்தான்" என்றேன். "உன்னவிட ரெண்டு பேருக்கு அதிகமா சொல்லியிருப்பேன்."

அழுதுவிடுவேன் போல இருந்தது. அழுதால் கோபம் போய்விடும். எனக்குக் கோபம் போகக்கூடாது. யார் மேல் என்று தெரியாமல் ஒன்றரை வருடம் எரிந்த கோபம். இப்போது ஆளைத் தெரிந்துகொண்ட பிறகு ஏன் அணைக்க வேண்டும்?

"உன் வெல்டிங் காஸ் ஹோஸ்ல ஒரு சாண் வெட்டிக் குடு" என்றேன். "தடிச்சது. பழசக் குடுத்து ஏமாத்தாத."

அவன் பட்டறைக்குள் ஓடினான். புதுச் சுருளிலிருந்தே வெட்டிக்கொண்டு வந்தான். இரண்டு கிளாம்பும் கொண்டுவந்தான். நான் ஒரு முனையைச் செருக, அவன் மறுமுனையைச் செருகினான். முறுக்கினான். வழக்கம்போல் கழுத்தை நெரிக்கிற முறுக்கு.

"போதும், நசுங்கப் போகுது."

"இது ஹோஸ் கிளாம்ப், உன் ஜன்னல் கண்ணாடி இல்ல. நாளைக்குக் கடை திறந்ததும் இதுக்குன்னு உள்ளத வாங்கி நான் போடுறேன்."

"நான் வாங்குறேன்."

"ரெண்டு பேரும் வாங்குங்க!" என்றார் அண்ணி. அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை. முக்காலி சாய எழுந்து நின்றார். "ரெண்டு பேரும் வாங்கிட்டு வந்து என் கண்ணு முன்னால போடுங்க! ஒன்றரை வருஷமா நான் என்ன தபால்காரியா? அவகிட்ட சொல்லு, அவர்கிட்ட கேளு, உப்பு வேணுமான்னு கேளு, சாவி எங்கன்னு சொல்லு! மூணடி தூரத்துல நின்னுக்கிட்டு! இனிமே எவராவது என்னப் பாத்து 'சொல்லு'ன்னு சொன்னீங்க, அந்தத் திருப்புளியால குத்துவேன்!"

கோழிக்கடைக்காரர் ஓரமாக இரண்டடி நகர்ந்து நின்றுகொண்டார்.

ஸ்டார்ட் செய்தேன். சூடு இருந்ததால் உடனே பிடித்தது. வேகத் திருகை இறக்கினேன். மிக்சரை மூடி, மெல்லத் திறக்கத் தொடங்கினேன். அண்ணன் காதைச் சாய்த்துக்கொண்டு பக்கத்தில் குனிந்தான். ஒரு சுற்று. கொஞ்சம் திணறல். இன்னும் துளி. துளி.

"அங்கதான்" என்றான்.

"எனக்குக் கேக்குது."

ஒன்றேகால் சுற்று. அவன் சொன்ன ஒன்றரையும் இல்லை, நான் சொன்ன இரண்டரையும் இல்லை. ஒரு மனிதர் இரண்டு பிள்ளைகளுக்கும் அவரவருக்குப் பிடித்த எண்ணாகப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவன் கஞ்சன், இவனுக்குக் குறைவாக. இவள் கண்ணாடிக்காரி, இவளுக்குத் தாராளமாக. வண்டிக்கு எது பிடிக்கும் என்று அவர் யோசித்ததாகவே தெரியவில்லை.

"பாத்தியா, நான் சொன்னதுக்குப் பக்கத்துல" என்றான் அண்ணன்.

"பக்கத்துல இருந்தா? தப்பு தப்புதான்."

ஏர் ஃபில்டர் தட்டைத் திரும்ப மாட்டிவிட்டுப் பானெட்டை மூடினேன். அண்ணி டம்ளரை வைத்து, ஃபிளாஸ்கிலிருந்து விளிம்பு வரைக்கும் டீயை ஊற்றினார். டீயின் மேல் ஒரு சின்ன அலைகூட எழவில்லை. கோழிக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். அவர் முகம் மலர்ந்தது.

"அடேயப்பா, தையல் மெஷின் மாதிரி ஓடுதே! சார், இத நீங்க என்ன வெல சொன்னாலும் நான் எடுத்துக்கறேன்."

"விக்கலைங்க" என்றான் அண்ணன்.

"பேச்சு மாறக்கூடாது சார். நீங்கதான கூப்ட்டீங்க?"

"விக்கல! காலையில நான் ஓட்டுவேன், மத்தியானம் பாப்பா ஓட்டும்."

அவன் என்னைப் பாப்பா என்று சொல்லி எத்தனை நாளாகிவிட்டது! அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எனக்குப் பாப்பா என்று பெயர் வைத்தவரே எங்கள் அப்பா என்கிற அந்த ஆள்தான். நேராகச் சுவரருகே போனேன். ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையின் முன்னால் நின்றேன். பாக்கெட்டில் அவர் டேப் சுருள் இன்னும் புடைத்துக்கொண்டிருந்தது.

"ஒரு வார்த்த!" என்று கத்தினேன். "ஒரே ஒரு வார்த்த வாயத் தொறந்து நேராச் சொல்லித் தொலைச்சிருந்தா என்னப்பா? மாட்டேன்னு சொல்லத் தெரியாதா உனக்கு? மாத்தலன்னு சொல்லத் தெரியாதா? இன்னும் முடிவு பண்ணலைன்னாவது சொல்லத் தெரியாதா?"

அண்ணன் வந்து என் பக்கத்தில் நின்றான். அவன் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அவனும் கத்தினான்.

"பக்குவமா சொல்றேன்னியே, எப்பச் சொல்லப் போற? வா! வந்து சொல்லு! நல்லவன்னு பேர் வாங்கினியே, வாங்கிட்டுப் போயிட்டியே! உன் கருமாதியில ஒருத்தர ஒருத்தர் கட்டிப் புடிச்சு அழக்கூட விடல நீ!"

"டேப்பு! பிரேக்குல டேப்பு!"

"ஒன்றரையாம்! ரெண்டரையாம்!"

எனக்குப் பின்னால் வண்டி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. கோழிக்கடைக்காரர் தயங்கித் தயங்கி அண்ணியிடம் கேட்பது காதில் விழுந்தது.

"யாரத் திட்டுறாங்க?"

"என் மாமனார" என்றார் அண்ணி. பானெட்டிலிருந்து டம்ளரை எடுத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஒரு வாய் குடித்தார். "நீங்க கிளம்புங்க தம்பி. முடிய நேரமாகும்."